கிம்ப் மென்பொருளில் மிதக்கும் சாளரங்களை ஒழுங்குபடுத்துதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

படங்களைத் திருத்த உதவும் கிம்ப் மென்பொருளில் கருவிப்பெட்டி, அடுக்குகள் (லேயர்ஸ்), தூரிகைகள், செயல் வரலாறு என ஒவ்வொன்றும் ஒரு தனிப் பலகமாக இருக்கிறது. இவற்றை முதன்மைச் சாளரத்திலிருந்து பிரித்துத் திரையில் விரும்பிய இடத்தில் மிதக்க விடலாம். பிரித்த பலகம் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது, மறுநாள் வேறோர் இடத்தில் திறப்பது, இரண்டாம் திரையைக் கழற்றியதும் அடியோடு காணாமற்போவது ஆகிய தொல்லைகளும் இந்த வசதியோடு சேர்ந்தே வருகின்றன. இவை அனைத்தையும் பட்டுத் தெளிந்த பிறகு, புதிதாக வருபவர்கள் அதே சுற்றுவழியில் போக வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிதக்கும் சாளரங்களின் எண்ணிக்கையை ஒன்றுக்கு மேல் போக விடாதீர்கள். மற்ற அனைத்தையும் முதன்மைச் சாளரத்தில் பொருத்தி, அந்த அமைப்பைச் சேமித்து, மென்பொருள் தானாக அதை மாற்றாதபடி தடுத்துவிடுங்கள். கீழே உள்ள படிகள் விண்டோஸ் கணினியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. லினக்ஸுக்கும் மேக்குக்கும் தேவையான வேறுபாடுகள் இறுதியில் தனியே உள்ளன.

1. தொடங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்பதை "ஹெல்ப்" மெனுவில் உள்ள "அபவுட்" பகுதியில் பாருங்கள். 2018இல் வந்த 2.10 வரிசையாகவோ 2025 மார்ச்சில் வந்த 3.0 அல்லது அதற்குப் பிந்தையதாகவோ இருந்தால் இந்தக் கட்டுரை அப்படியே பொருந்தும். மெனுப் பெயர்களை ஆங்கில இடைமுகத்தில் உள்ளபடியே தருகிறேன். தமிழ் இடைமுகம் வைத்திருப்பவர்கள், இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கில மெனுப் பெயர்களையே பயன்படுத்துவதால், இந்த வேலை முடியும் வரையாவது ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

செலவைப் பொறுத்தவரை மென்பொருளுக்கு எதுவும் இல்லை. அதிகாரப்பூர்வ இணையதளத்திலும், 2022 முதல் மைக்ரோசாப்ட் ஸ்டோரிலும் கிம்ப் கட்டணமின்றியே கிடைக்கிறது. எவராவது பணம் கேட்டால் அது அதிகாரப்பூர்வப் பிரதி இல்லை என்று விலகிவிடுங்கள். பணம் செலவாகக்கூடிய ஒரே இடம் இரண்டாம் திரை. அதைப் பற்றி ஏழாம் படியில் சொல்கிறேன்.

நேரம் ஏறத்தாழ ஒரு மணி ஒதுக்குங்கள். அமைப்பதற்குப் பாதி நேரமும், மென்பொருளை மூடி, திறந்து, கணினியையும் ஒருமுறை மறுதொடக்கம் செய்து சரிபார்ப்பதற்கு மீதி நேரமும் ஆகும். மாலைக்குள் வேலையை ஒப்படைக்க வேண்டிய நாளில் இதில் கை வைக்காதீர்கள்.

2. தற்போதைய அமைப்பைப் பிரதி எடுத்து வையுங்கள்

எந்தச் சாளரம் எங்கே, எந்த அளவில் திறக்க வேண்டும் என்பதை கிம்ப் ஒரே ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. அதன் பெயர் செஷன்ஆர்சி. அதை எஸ், இ, எஸ், எஸ், ஐ, ஓ, என், ஆர், சி என்று சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் தேட வேண்டும்; பெயருக்குப் பின்னால் புள்ளியோ வேறு நீட்சியோ இருக்காது. இது வெறும் உரைக்கோப்பு என்பதால் நோட்பேடில் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு சாளரத்துக்கும் அதன் இடமும் அளவும் எண்களாக எழுதப்பட்டிருக்கும்.

அந்தக் கோப்பை அடைய, விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, திறக்கும் பெட்டியில் ஆப்டேட்டா என்ற ஆங்கிலச் சொல்லை முன்னும் பின்னும் சதவீதக் குறி இட்டுத் தட்டுங்கள். ரோமிங் என்ற கோப்புறை திறக்கும். அதனுள் கிம்ப், அதனுள் 2.10 அல்லது 3.0 எனப் பதிப்பு எண் கொண்ட கோப்புறை இருக்கும். கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடிப் போனால் கிடைக்காது. ஆப்டேட்டா இயல்பாகவே மறைத்து வைக்கப்பட்ட கோப்புறை.

கிம்ப்பை முழுமையாக மூடிய பிறகே பிரதி எடுங்கள். இயல்பாக, மென்பொருள் மூடும்போது இந்தக் கோப்பைப் புதிதாக எழுதுகிறது. கிம்ப் திறந்திருக்கும்போது இந்தக் கோப்பில் நீங்கள் செய்யும் எந்தத் திருத்தமும் மூடும் நொடியில் அழிக்கப்பட்டுவிடும். பிரதிக்கு அன்றைய தேதியைப் பெயராக இட்டு வேறொரு கோப்புறையில் வையுங்கள்.

3. ஒற்றைச் சாளரமா, பல சாளரங்களா என்று முடிவு செய்யுங்கள்

"விண்டோஸ்" மெனுவில் "சிங்கிள்-விண்டோ மோட்" என்ற தேர்வு உள்ளது. 2.10 முதல் இது இயல்பாகவே இயங்கும் நிலையில் வருகிறது. இதை நீக்கினால் கருவிப்பெட்டி ஒரு சாளரம், பலகங்கள் ஒரு சாளரம், ஒவ்வொரு படமும் ஒரு சாளரம் என்று எல்லாம் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

புதியவர்களுக்கு ஒற்றைச் சாளர முறையே ஏற்றது. பலரும் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு: ஒற்றைச் சாளர முறையில் இருந்தபடியே ஒரு பலகத்தை மட்டும் வெளியே இழுத்து இரண்டாம் திரையில் வைக்க முடியும். பலகம் மிதக்க வேண்டும் என்பதற்காகப் பல சாளர முறைக்குப் போக வேண்டிய தேவையே இல்லை.

பல சாளர முறை உண்மையிலேயே தேவைப்படும் இடம், இரண்டு படங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதும், "வியூ" மெனுவில் உள்ள "நியூ வியூ" மூலம் ஒரே படத்தை ஒரு சாளரத்தில் முழுதாகவும் இன்னொன்றில் பெரிதாக்கியும் வைத்துக்கொண்டு நுண்ணிய திருத்தங்களைச் செய்வதும்தான். ஒற்றைச் சாளர முறையில் படங்கள் தாவல்களாக ஒன்றன்பின் ஒன்றாக அமைவதால் அருகருகே பார்க்க இயலாது. பழைய ஒளிப்படங்களைச் சீர்செய்பவர்களுக்கு இது பெரிய குறையாகத் தோன்றலாம். அவர்கள் அந்த வேலையின்போது மட்டும் முறையை மாற்றி, முடிந்ததும் திரும்ப வரலாம்.

4. பலகங்களைப் பொருத்துதலும் பிரித்தலும்

பலகத்தை அதன் தாவலை, அதாவது பலகத்தின் மேலே உள்ள சிறிய படக்குறியைப் பிடித்தே இழுக்க வேண்டும். மிதக்கும் சாளரத்தின் தலைப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தால் சாளரம் நகருமே தவிர எதனுடனும் ஒட்டாது. இந்த ஒரு வேறுபாடு தெரியாததால்தான் "எவ்வளவு இழுத்தாலும் ஒட்டவில்லை" என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள்.

தாவலை எங்கே விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விளைவு மாறும். இன்னொரு பலகத்தின் தாவல் வரிசை மீது விட்டால் அதனுடன் ஒரு தாவலாகச் சேரும். ஒரு பலகத்தின் மேல் அல்லது கீழ் விளிம்பில் விட்டால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். பக்கவாட்டு விளிம்பில் விட்டால் புதிய நெடுவரிசை உருவாகும். விடுவதற்கு முன் அந்த இடம் நிறம் மாறித் தெரியும். நிறம் மாறாத இடத்தில் விட்டால் பலகம் தனிச் சாளரமாக மிதக்கத் தொடங்கிவிடும். ஆகவே நிறம் மாறும் வரை சுட்டியின் பொத்தானை விடாமல் மெதுவாக நகர்த்துங்கள்.

பலகத்தின் தாவல் வரிசையில் வலப்பக்க ஓரத்தில் ஒரு சிறிய முக்கோணப் பொத்தான் உள்ளது. அதைச் சொடுக்கினால் வரும் பட்டியலில் "ஆட் டேப்", "குளோஸ் டேப்", "டிடாச் டேப்", "லாக் டேப் டு டாக்" முதலியன இருக்கும். கடைசியாகச் சொன்னது பொன்னானது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கை தவறி இழுத்தாலும் அந்தத் தாவல் இடத்தைவிட்டுப் பெயராது. அமைத்து முடித்ததும் ஒவ்வொரு தாவலுக்கும் இதைச் செய்துவிடுங்கள். அதே பட்டியலில் "டேப் ஸ்டைல்" என்பதை "ஐகான்" என மாற்றினால் தாவல்கள் இடத்தை அடைக்காது.

1366×768 அளவுள்ள மடிக்கணினித் திரையில் இடப்பக்கம் ஒரு நெடுவரிசை, வலப்பக்கம் ஒரு நெடுவரிசை என்ற இயல்பான அமைப்பு படத்துக்குப் போதிய இடம் விடுவதில்லை. வலப்பக்கப் பலகங்கள் அனைத்தையும் இடப்பக்க நெடுவரிசைக்குள் தாவல்களாகக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். அடுக்குகள் பலகத்துக்கு மட்டும் அதே நெடுவரிசையில் தனி இடம் கொடுங்கள். அதை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். படத்தை முழு அகலத்தில் பார்க்க விரும்பும்போது டேப் விசையை அழுத்தினால் பலகங்கள் அனைத்தும் மறையும், மீண்டும் அழுத்தினால் திரும்பும்.

இந்த டேப் விசையே புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பதும் ஆகும். தெரியாமல் அழுத்திவிட்டு, எல்லாம் அழிந்துவிட்டதாக எண்ணி மென்பொருளையே நீக்கி மறுபடியும் நிறுவுபவர்கள் உண்டு. அதனால் பயனும் இல்லை. மறைந்திருக்கும் நிலையும் செஷன்ஆர்சி கோப்பிலேயே பதிவாகிறது, மென்பொருளை நீக்கினாலும் அந்தக் கோப்பு உங்கள் கோப்புறையில் தங்கிவிடும். "விண்டோஸ்" மெனுவில் "ஹைட் டாக்ஸ்" என்பதற்கு எதிரே குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலகத்தை உண்மையிலேயே மூடியிருந்தால் அதே மெனுவில் "ரீசென்ட்லி குளோஸ்ட் டாக்ஸ்" பட்டியலிலிருந்து, முன்பிருந்த தாவல்களோடு திரும்பப் பெறலாம். கருவிப்பெட்டிக்குக் கன்ட்ரோல்-பி, அடுக்குகளுக்குக் கன்ட்ரோல்-எல் ஆகியவை குறுக்குவழிகள்.

5. பலகம் படத்துக்குப் பின்னால் ஒளிவதைத் தடுத்தல்

மிதக்கும் பலகம் எதுவும் வைத்துக்கொள்ளாதவர்கள் இந்தப் படியைக் கடந்து செல்லலாம்.

"எடிட்" மெனுவில் "பிரிஃபரன்சஸ்" திறந்து, இடப்பக்கப் பட்டியலில் "விண்டோ மேனேஜ்மென்ட்" பகுதிக்குச் செல்லுங்கள். கருவிப்பெட்டிக்கும் பலகங்களுக்குமான குறிப்பு என்ற இடத்தில் மூன்று தேர்வுகள் இருக்கும். "நார்மல் விண்டோ" என்றால் பலகம் மற்ற சாளரங்களைப் போலவே நடந்துகொள்ளும். படத்தைச் சொடுக்கியதும் பின்னால் போய்விடும். "யுட்டிலிட்டி விண்டோ" என்றால் படத்துக்கு மேலேயே நிற்கும். "கீப் அபவ்" என்றால் உலாவி, கோப்புறை என எல்லாவற்றுக்கும் மேலே நின்று மறைக்கும். இதைத் தேர்ந்தெடுத்தவர் அன்றைக்கே வருந்துவார். நடுவில் உள்ளதே போதுமானது. மாற்றிய பிறகு கிம்ப்பை மூடித் திறந்து பாருங்கள்.

"யுட்டிலிட்டி விண்டோ" தேர்வுக்கு ஒரு விலை உண்டு. அத்தகைய பலகம் விண்டோஸின் பணிப்பட்டையில் தனியாகத் தோன்றாது. ஆகவே அது திரைக்கு வெளியே போய்விட்டால் பணிப்பட்டை வழியாகப் பிடித்து இழுக்க முடியாது. எட்டாம் படியில் இதற்கான வழியைத் தருகிறேன்.

"கர்வ்ஸ்", "லெவல்ஸ்" போன்ற கருவிகளைத் திறக்கும்போது வரும் பெட்டிகளையும், கோப்பை ஏற்றுமதி செய்யும் பெட்டிகளையும் எந்தப் பலகத்தோடும் பொருத்த முடியாது. அவை வேலை முடிந்ததும் மறையும் தற்காலிகப் பெட்டிகள். அவற்றை ஒட்ட வைக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

6. அமைப்பைச் சேமித்து நிலைநிறுத்துதல்

எல்லாப் படிகளிலும் முதன்மையானது இதுவே. அதே "விண்டோ மேனேஜ்மென்ட்" பகுதியில் "சேவ் விண்டோ பொசிஷன்ஸ் ஆன் எக்ஸிட்" என்ற குறிப்பெட்டி இயல்பாகவே தேர்வாகியிருக்கும். அதன் பொருள், ஒவ்வொரு முறை மூடும்போதும் அந்த நேரத்தில் திரை எப்படி இருந்ததோ அதுவே புதிய அமைப்பாகப் பதிவாகும் என்பது. அவசரத்தில் ஒரு பலகத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு மூடினால், மறுநாள் அந்த அலங்கோலமே உங்களை வரவேற்கும். மறுபுறம், மின்தடையால் கணினி அணைந்தாலோ, டாஸ்க் மேனேஜர் வழியாக மூடினாலோ, அன்று செய்த நல்ல மாற்றங்கள் எதுவும் பதிவாகாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பலகங்களை விருப்பப்படி அமைத்து முடித்த பிறகு, அங்கேயே உள்ள "சேவ் விண்டோ பொசிஷன்ஸ் நவ்" பொத்தானை அழுத்துங்கள். அடுத்து, மூடும்போது சேமிக்கும் குறிப்பெட்டியின் குறியை நீக்கி "ஓகே" கொடுங்கள். இனி வேலையின்போது பலகங்களை எப்படிக் கலைத்தாலும், மூடித் திறந்தால் நீங்கள் சேமித்த அமைப்பே வரும். பின்னொரு நாள் அமைப்பை மாற்ற விரும்பினால் மாற்றிவிட்டு அதே பொத்தானை மீண்டும் அழுத்த வேண்டும். இதை மறந்துவிட்டு "சேமிக்கவே மாட்டேன் என்கிறது" என்று குழம்புவது வழக்கம்.

இந்த நிலையில் செஷன்ஆர்சி கோப்பை மறுபடியும் பிரதி எடுத்து வையுங்கள். மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவைத்தாலும் போதும். அளவில் மிகச் சிறியது.

7. இரண்டாம் திரையைச் சேர்ப்பவர்களுக்கு

பலகங்களை வைப்பதற்குப் புதிய, உயர்தரத் திரை தேவையில்லை. 1280×1024 அளவுள்ள பழைய 19 அங்குலத் திரையே தாராளம். வாங்குவதற்கு முன் இரண்டு செய்திகளை உறுதிசெய்யுங்கள். பழைய திரையில் வி.ஜி.ஏ. இணைப்பு மட்டும் இருந்து உங்கள் கணினியில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்தால் வெறும் கம்பி போதாது; சமிக்ஞையை மாற்றித் தரும் அடாப்டர் வேண்டும், அதற்குச் சில நூறு ரூபாய் ஆகும். மடிக்கணினியில் யு.எஸ்.பி.-சி துளை இருப்பதாலேயே அதன் வழியாகப் படம் வரும் என்று நம்பி அடாப்டர் வாங்கிவிடாதீர்கள். எல்லா யு.எஸ்.பி.-சி துளைகளும் திரைக்குப் படம் அனுப்புவதில்லை. கணினியின் விவரக்குறிப்பில் டிஸ்ப்ளேபோர்ட் வசதி அந்தத் துளைக்கு உண்டா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இணைத்த பிறகு விண்டோஸ் விசையுடன் பி விசையை அழுத்தி "எக்ஸ்டென்ட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "டூப்ளிகேட்" என்றிருந்தால் இரு திரையிலும் ஒரே காட்சி வரும். அடுத்து "செட்டிங்ஸ்", "சிஸ்டம்", "டிஸ்ப்ளே" வழியாகச் சென்று, மேசையில் திரைகள் இருக்கும் வரிசையிலேயே அங்குள்ள கட்டங்களையும் இழுத்து அமையுங்கள். அதே பக்கத்தில் உள்ள "ஸ்கேல்" மதிப்பு ஒரு திரையில் 150 சதவீதமும் மற்றதில் 100 சதவீதமுமாக இருந்தால், பலகம் ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்லும்போது எழுத்துகளின் அளவு மாறும் அல்லது மங்கும். முடிந்தவரை இரண்டையும் ஒரே மதிப்பில் வையுங்கள். இந்த மதிப்புகளை முடிவு செய்த பிறகே பலகத்தை இழுத்து வைத்துச் சேமியுங்கள். பிறகு மாற்றினால் சேமித்த இடங்கள் பொருந்தாமல் போகும்.

விண்டோஸ் 11இல் "மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்" பகுதியில், திரையின் இணைப்பைப் பொறுத்துச் சாளரங்களின் இடத்தை நினைவில் கொள்ளும் குறிப்பெட்டி ஒன்று உள்ளது. அது தேர்வாகியிருக்கட்டும். கிம்ப்பின் "விண்டோ மேனேஜ்மென்ட்" பகுதியிலும், முன்பு திறந்திருந்த அதே திரையில் சாளரத்தைத் திறக்கும் தேர்வு உண்டு. மடிக்கணினியை அடிக்கடி வெளியே எடுத்துச் செல்பவர்கள் இரண்டு செஷன்ஆர்சி பிரதிகளை, ஒன்று இரு திரைக்கும் மற்றொன்று ஒரு திரைக்குமாக, வைத்துக்கொண்டு தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

8. திரைக்கு வெளியே போன சாளரத்தை மீட்டல்

இந்த வரிசையில் முயலுங்கள். முந்தையது பலிக்காவிட்டால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள்.

முதலில் "விண்டோஸ்" மெனுவைத் திறங்கள். அங்கே திறந்திருக்கும் பலகங்களின் பெயர்கள் இருக்கும். காணாமற்போன பலகத்தைத் தேர்ந்தெடுத்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது செயல்படும் சாளரமாகிவிடும். உடனே விண்டோஸ் விசை, ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இட அல்லது வல அம்புக்குறியை அழுத்துங்கள்; சாளரம் அடுத்த திரைக்குத் தாவும். ஒரே திரைதான் இருக்கிறது என்றால் ஆல்ட்டுடன் இடைவெளிப் பட்டையை அழுத்தி, பிறகு எம் விசையை அழுத்தி, ஏதேனும் ஓர் அம்புக்குறியை ஒருமுறை தட்டிவிட்டுச் சுட்டியை நகர்த்துங்கள். சாளரம் சுட்டியோடு சேர்ந்து வரும். வேண்டிய இடத்தில் சொடுக்கி விடலாம்.

இதிலும் கிடைக்காவிட்டால் "விண்டோ மேனேஜ்மென்ட்" பகுதியில் சேமித்த இடங்களை இயல்பு நிலைக்குத் திருப்பும் "ரீசெட்" பொத்தானை அழுத்துங்கள். அழுத்தியதும் திரையில் எதுவும் மாறாது. அடுத்த முறை கிம்ப்பைத் திறக்கும்போதுதான் விளைவு தெரியும். அதுவும் உதவாவிட்டால் கிம்ப்பை மூடிவிட்டு, ஆறாம் படியில் (அது இல்லாவிட்டால் இரண்டாம் படியில்) எடுத்த பிரதியை, செஷன்ஆர்சி என்ற பழைய பெயரை மீண்டும் இட்டு, கோப்புறையில் பழைய இடத்தில் ஒட்டுங்கள். பிரதி இல்லையென்றால் செஷன்ஆர்சி கோப்பை மட்டும் நீக்குங்கள். முழுக் கோப்புறையையும் நீக்கச் சொல்லும் அறிவுரையை ஏற்காதீர்கள். நீங்கள் சேர்த்த தூரிகைகள், விசைக் குறுக்குவழிகள், செருகுநிரல்கள் அனைத்தும் அதனோடு போய்விடும்.

9. லினக்ஸிலும் மேக்கிலும் உள்ள வேறுபாடுகள்

லினக்ஸில் வேலண்ட் (சாளரங்களைத் திரையில் காட்டும் ஒரு முறை) அமர்வில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த முறையில் ஒரு மென்பொருள் தன் சாளரம் திரையில் எங்கே திறக்க வேண்டும் என்று தானே தீர்மானிக்க முடியாது. இடத்தைத் தருவது சாளர மேலாளரின் பொறுப்பு. ஆகவே கிம்ப் 3.0 வேலண்டில் நேரடியாக இயங்கும்போது மிதக்கும் பலகத்தின் இடம் திரும்ப வராமல் போனால், ஆறாம் படியை எத்தனை முறை செய்தாலும் பலன் இராது. கே.டி.இ. என்ற மேசைச் சூழலைப் பயன்படுத்துபவர்கள் "விண்டோ ரூல்ஸ்" வழியாக அந்தச் சாளரத்துக்கு இடத்தைக் கட்டாயப்படுத்தலாம். மற்றவர்கள் பலகங்களை மிதக்க விடாமல் முதன்மைச் சாளரத்திலேயே பொருத்திவிடுவது எளிது. திரைக்கு வெளியே நீண்டுவிட்ட சாளரத்தை, ஜினோம் என்ற மேசைச் சூழலில் சூப்பர் (விண்டோஸ்) விசையையும் எக்ஸ்எஃப்சிஇ என்ற மேசைச் சூழலில் ஆல்ட் விசையையும் பிடித்துக்கொண்டு, அதன் எந்தப் பகுதியைப் பற்றியும் இழுக்கலாம். செஷன்ஆர்சி கோப்பு உங்கள் இல்லக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் என்ற மறைவுக் கோப்புறைக்குள் கிம்ப் கோப்புறையில் இருக்கும்.

மேக்கில் அந்தக் கோப்பு, உங்கள் லைப்ரரி கோப்புறையில் "அப்ளிகேஷன் சப்போர்ட்" என்பதற்குள் இருக்கும். பல சாளர முறையில் இருக்கும்போது பச்சைப் பொத்தானை அழுத்திப் படத்தை முழுத்திரையாக்காதீர்கள். படம் மட்டும் தனி ஸ்பேஸுக்கு (மேக்கின் தனி மேசைத்தளத்துக்கு) போய், பலகங்கள் பழைய இடத்திலேயே நின்றுவிடும். ஆப்ஷன் விசையைப் பிடித்துக்கொண்டு அதே பொத்தானை அழுத்தினால் சாளரம் ஸ்பேஸ் மாறாமல் பெரிதாகும்.

10. பதிப்பை மாற்றும்போது

2.10இலிருந்து 3.0க்கு மாறுபவர்களுக்கு அமைப்புக் கோப்புறையும் புதிதாக, பதிப்பு எண்ணின் பெயரில் உருவாகும். பழைய கோப்புறை தானாக அழியாது; நீங்களும் அதை உடனே நீக்கிவிடாதீர்கள். பழைய செஷன்ஆர்சியைப் புதிய கோப்புறையில் அப்படியே ஒட்டுவதைவிட, புதிய பதிப்பில் நான்காம் படியையும் ஆறாம் படியையும் மறுபடியும் செய்வதே பாதுகாப்பானது. எவை எங்கே வேண்டும் என்று முன்பே தெரிந்திருப்பதால் இரண்டாம் முறை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பழைய அமைப்பைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்திருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே பலகங்களை அடுக்கலாம்.